ஃபூர்வியேர் குன்றுக்குப் போகிறோம்

அன்பான பெற்றோருக்கு வணக்கம்.

மே மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை வகுப்பு நடக்காது. ஆறாம் வகுப்பு முதல் மேல்வகுப்புப் பிள்ளைகளை ஃபூர்வியேரில் உள்ள ரோமானிய அரங்குக்குக் கூட்டிப் போகிறோம். லியோனில் இத்தனை வருடமாக இருக்கிறோம். குன்றுக்கு ஏறி பசிலிக்கா தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு, சற்றுக் கீழே இருக்கும் அரங்கை எட்டியும் பார்க்காமல் திரும்பிவிடுகிறோம். நானும் நெடுநாள் அப்படித்தான் வந்து போனேன்.

ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் எழுந்து, பிறகு பெரிதாக்கப்பட்ட அரங்கு இது. ஏறத்தாழ 10,000 பேர் இருந்து பார்த்த இடம். பின்னாளில் மண்மூடிக் கிடந்ததை 1933இல்தான் தோண்டத் தொடங்கினார்கள். மேடையின் முன்னால் நீளமாக ஒரு பள்ளம் இருக்கும். பிள்ளைகளுக்கு அதைக் கட்டாயம் காட்ட வேண்டும். ரோமரின் மேடைத் திரை, நாடகம் தொடங்கும்போது அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிவிடும், முடியும்போது மேலே எழும்பும்.

1946இல் அங்கே மறுபடி நாடகம் போட்டபோது எடுத்துக்கொண்டது பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் எஸ்கிலஸின் 'பாரசீகர்கள்'. தோற்றுப்போன எதிரியின் வீட்டு ஒப்பாரியை வென்ற கிரேக்கன் ஒருவன் எழுதிய நாடகம். உலகப் போர் முடிந்து ஏறத்தாழ ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அந்தக் கல்லுப்படிகளில் இருந்து அதைக் கேட்டவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. நம் வீடுகளிலும் அந்த அழுகை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை முன்கூட்டியே சொல்லிக் கொடுப்போம்.

ஆண்டுதோறும் ஜூன், ஜூலையில் அங்கே 'நுயி து ஃபூர்வியேர்' விழா நடக்கிறது. போன வருடம் ஓர் இரவு போயிருந்தேன். பத்து மணியாகியும் கல்லில் பகல் வெயிலின் சூடு ஆறவில்லை. ஆட்டம் முடிந்ததும் சனம் எழுந்து, இருக்கத் தந்த சிறு மெத்தைகளை மேடையை நோக்கி வீசியது. ஏதோ கோபம் என்று பதறினேன். அது பாராட்டு என்று பக்கத்தில் இருந்த அம்மா சொன்னார். முடிந்தால் இந்தக் கோடையில் ஒரு இரவாவது பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள்.

காலை 9.30 மணிக்கு வியூ லியோன் நிலையத்துக்கு வந்துவிடுங்கள். அங்கிருந்து குன்றேறும் ரயிலில் மினிம் நிறுத்தம் வரை போவோம். படிகள் செங்குத்தானவை, வழுக்காத சப்பாத்து வேண்டும். தண்ணீர், தொப்பி, மதியச் சாப்பாடு கொடுத்துவிடுங்கள். சம்மதப் படிவத்தை அடுத்த வகுப்பிலேயே ஒப்பமிட்டுத் தாருங்கள். கூட வரக்கூடிய பெற்றோர் நான்கு பேர் தேவை.

ஒவ்வொரு பிள்ளையும் மேடையில் நின்று ஒரு குறள் சொல்ல வேண்டும். நாங்கள் கடைசிப் படியில் இருந்து கேட்போம். ஒலிவாங்கி கிடையாது. இன்றைக்கே வீட்டில் உரக்கச் சொல்லிப் பழக்குங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்