மாணவர் திட்டங்களிடம் எந்தக் கேள்வியைக் கேட்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மக்கள் கருவிகளோடு பழகும் விதத்தை வடிவமைக்கும் துறையான ஊடாட்ட வடிவமைப்பைப் பயிலும் மாணவி ஒருவரின் இறுதியாண்டுத் திட்டங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் கல்விப் பகுதியில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தனியே வாழும் முதியவர்களுக்கான மாத்திரைப் பெட்டி, பார்வை குன்றியவர்கள் படிவங்களை நிரப்ப உதவும் குரல் கருவி, அக்கம்பக்கத்தார் ஏணி, சுத்தியல் போன்றவற்றை ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்துக்கொள்வதற்கான அறிவிப்புப் பலகை ஆகிய மூன்றையும் கட்டுரை விவரித்திருந்தது. பளபளப்பான செயலிகளைத் தேடிப் போகாமல் அன்றாடத் தேவைகளைக் கையில் எடுத்த ஒரு மாணவிக்கு அரைப்பக்கம் ஒதுக்கியது பாராட்டத்தக்கது. ஆனால், மூன்று திட்டங்களைப் பற்றியும் கட்டுரை அழுத்தமாகக் கேட்டது, "இது எப்போது விற்பனைக்கு வரும்?" என்ற ஒரே கேள்வியைத்தான். இத்துறையில் பாடம் நடத்துபவன் என்ற முறையில், அந்தக் கேள்வி மாணவர் திட்டங்களை அளப்பதற்கு ஏற்ற கோல் அன்று என்பதை விளக்க விரும்புகிறேன்.

இத்துறை மாணவர்களுக்கு அநேகமாக எல்லா நாடுகளிலும் எடுத்துக்காட்டப்படும் திட்டம் ஒன்று உண்டு. 1992-இல் லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் டரல் பிஷப் என்ற மாணவர், வீட்டில் ஆள் இல்லாதபோது வரும் அழைப்புகளைப் பதிவு செய்யும் தொலைபேசிக் கருவி ஒன்றைக் கற்பனை செய்தார். ஒவ்வொரு செய்தியும் பதிவானவுடன் கருவியிலிருந்து ஒரு கோலிக்குண்டு வெளியே உருண்டு வரும். எத்தனை செய்திகள் வந்துள்ளன என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். குண்டை எடுத்து ஒரு குழியில் வைத்தால் செய்தி ஒலிக்கும், தொலைபேசியின் மீது வைத்தால் அழைத்தவரின் எண்ணுக்கே இணைப்புப் போகும், வேறொருவருக்கான செய்தி என்றால் அந்தக் குண்டை அவருக்குரிய கிண்ணத்தில் போட்டுவிடலாம். அந்தக் கருவி கடைக்கு வரவே இல்லை. ஆனால், கணினிக்குள் மறைந்திருக்கும் தகவலைக் கையால் எடுத்து வைக்கக்கூடிய பொருளாக்கலாம் என்ற எண்ணத்தை ஒரு தலைமுறை வடிவமைப்பாளர்களிடம் விதைத்தது அதுதான். விற்பனையை வைத்து அளந்தால் அதைத் தோல்வி என்றே எழுத வேண்டியிருக்கும்.

இதற்கு எதிர்த்திசையிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். இத்தாலியின் இவ்ரியா நகரில் இயங்கிய ஊடாட்ட வடிவமைப்பு நிறுவனத்தில், கொலம்பியாவைச் சேர்ந்த எர்னாண்டோ பாரகான் என்ற மாணவர் 2003-இல் தொடங்கிய முதுநிலைத் திட்டம், மின்னணுவியல் படிக்காதவர்களும் சென்சார்களையும் விளக்குகளையும் இயக்குவதற்கான எளிய சுற்றுப் பலகையையும் நிரல் மொழியையும் உருவாக்கியது. அதன் அடித்தளத்தின் மீது 2005-இல் எழுந்ததே ஆர்டுயினோ என்னும் சிறு மின்னணுச் சுற்றுப் பலகை. இன்று மாணவர் கண்காட்சிகளில் காணும் முன்மாதிரிகளில் பலவற்றின் உள்ளே இருப்பது அந்தப் பலகைதான். அது உலகெங்கும் பரவியதற்கு, அதன் வரைபடங்களும் நிரலும் எவரும் எடுத்துத் திருத்தும்படி வெளியிடப்பட்டது ஒரு முக்கியக் காரணம். ஆக, மாணவர் திட்டம் ஒன்று உலகுக்குப் பயன்படும் வழிகள் பலவற்றுள் விற்பனையும் ஒன்று, அதுவும் அரிதாக நிகழ்வது. செய்த வேலையைப் பிறர் தொடரும்படி விட்டுச்செல்வது அதைவிட உறுதியான வழி.

கட்டுரையில் வந்த மாத்திரைப் பெட்டிக்கு வருகிறேன். "முதல் மூன்று வடிவங்கள் கைவிடப்பட்டன" என்ற ஒரே வரியுடன் கட்டுரையாளர் நகர்ந்துவிட்டார். எனக்கு அந்த வரிதான் கட்டுரையின் உயிர்நிலையாகப் பட்டது. ஏன் கைவிடப்பட்டன? முதியவர்கள் மாத்திரையை மறந்துவிடுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டால், குறித்த நேரத்தில் ஒலி எழுப்பும் பெட்டி போதுமானதாகத் தோன்றும். ஆனால், அவர்களுடன் உட்கார்ந்து பேசியவர்களுக்குத் தெரியும், மாத்திரை எடுக்காமல் விடுவதற்கு மறதியைத் தவிர வேறு பல காரணங்கள் உண்டு என்பது. குழந்தைகள் திறக்காதபடி செய்யப்பட்ட மூடியை மூட்டுவலியுள்ள விரல்களாலும் திறக்க முடிவதில்லை. சிலருக்கு ஒரு குறிப்பிட்ட மாத்திரை தலைசுற்றலைத் தருவதால், வெளியே போக வேண்டிய நாள்களில் அதை வேண்டுமென்றே தவிர்க்கிறார்கள். மருத்துவர் மாத்திரையின் நிறுவனத்தை மாற்றியதும் நிறமும் வடிவமும் மாறிவிட, இது அதுதானா என்ற ஐயத்தில் எடுக்காமல் விடுகிறவர்களும் உண்டு. இவர்களில் எவருக்கும் ஒலி எழுப்பும் பெட்டி உதவாது. இரண்டாமவருக்கு அது தொல்லையாகவே முடியும், ஏனெனில் அவர் எடுத்த முடிவை அது ஒவ்வொரு முறையும் தவறு என்று சொல்லிக்கொண்டிருக்கும். அந்த மாணவி மூன்று வடிவங்களைக் கைவிட்டார் என்றால், அவர் இவற்றில் எதையேனும் நேரில் கண்டிருக்க வேண்டும். அதைத்தான் வாசகர்கள் அறிந்துகொள்ள விரும்புவார்கள். பெட்டியின் நிறத்தையும் அதில் எரியும் விளக்கையும் பற்றிய இரண்டு பத்திகளை அதற்காக விட்டுக்கொடுத்திருக்கலாம்.

இவ்வாறு நேரில் காண்பதற்கும் முறைகள் உண்டு, அவை எல்லாமே குறையற்றவை என்று சொல்லமாட்டேன். அமெரிக்க வடிவமைப்பாளர் பாட்ரிஷியா மூர், தம் இருபதுகளில், 1979 முதல் 1982 வரை எண்பது வயது மூதாட்டியாக வேடமிட்டு, மங்கலான கண்ணாடி அணிந்து, காதை அடைத்துக்கொண்டு, வட அமெரிக்க நகரங்களில் நடமாடிப் பார்த்தார். அதன் தாக்கத்தால் இன்று மாணவர்கள் தடித்த கையுறையும் மங்கிய கண்ணாடியும் அணிந்து ஒரு மணி நேரம் தடுமாறிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. தடுமாற்றம் என்ன என்பதை அது கற்றுத்தரும். பல ஆண்டுகளாக அந்தக் கண்ணோடு வாழ்பவர் வளர்த்துக்கொண்ட திறமையை அது காட்டித்தராது. 1999-இல் வடிவமைப்பு ஆய்வாளர் பில் கேவரும் உடன் பணியாற்றியவர்களும் வேறொரு முறையை எழுதி வெளியிட்டார்கள். மூன்று ஐரோப்பியச் சமூகங்களைச் சேர்ந்த முதியவர்களிடம் அஞ்சலட்டைகளையும் வரைபடங்களையும் சிறு புகைப்படக் கருவியையும் கொடுத்து, தங்கள் வாழ்க்கையிலிருந்து விரும்பியதைப் பதிந்து அனுப்பும்படி கேட்டார்கள். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்ற உரிமை அங்கே முதியவர்களின் கையில் இருந்தது. என் மனம் இந்த இரண்டாவது முறையின் பக்கமே சாய்கிறது.

குரல் கருவியைப் பற்றிய பகுதியில் ஒரு விளக்கம் தேவை. அது "பேசுவதை முழுமையாகப் புரிந்துகொள்கிறது" என்று கட்டுரை கூறுகிறது. அந்த மாணவி என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியாது என்றாலும், இந்தக் கட்டத்திலுள்ள முன்மாதிரிகளில் மறைவாக அமர்ந்த ஒரு மனிதரே கருவியின் இடத்திலிருந்து பதிலளிப்பது இத்துறையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட சோதனை முறை. 1983-இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பேசினால் கடிதம் தட்டச்சாகும் இயந்திரம் ஒன்றைச் சிலர் பயன்படுத்திப் பார்த்தார்கள். உண்மையில் வேறோர் அறையிலிருந்து ஒரு தட்டச்சர்தான் அதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். இயந்திரத்தைச் செய்து முடிப்பதற்கு முன்பே, அது மக்களுக்குத் தேவைப்படுமா என்று அறிய இது சிக்கனமான வழி. எனினும், சோதனை முடிந்ததும் பங்கேற்றவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், செய்தி எழுதுபவரும் இதைக் கேட்டு எழுத வேண்டும். இல்லையென்றால், இல்லாத ஒரு கருவியை நம்பி வாசகர்கள் காத்திருக்க நேரும்.

நாளிதழ் நடத்துபவர்கள் என்பதால் தங்களுக்கு ஆர்வமூட்டக்கூடிய ஒரு வரலாற்றையும் இங்கே குறிப்பிடுகிறேன். பயன்படுத்தப்போகிறவர்களையே சேர்த்துக்கொண்டு வடிவமைக்கும் பங்கேற்பு வடிவமைப்பு என்ற மரபுக்குப் பெரிதும் வழிவகுத்த முயற்சிகளுள் ஒன்று நாளிதழ் அச்சகங்களைச் சார்ந்து நடந்தது. 1981-இல் தொடங்கிய உடோபியா என்னும் அத்திட்டத்தில், ஸ்வீடன், டென்மார்க் நாடுகளின் ஆய்வாளர்கள் நார்டிக் அச்சுத் தொழிலாளர் சங்கத்துடன் சேர்ந்து, கணினி வரவிருந்த பக்க வடிவமைப்பு வேலையை எப்படி அமைப்பது என்று ஆராய்ந்தார்கள். கணினி இல்லாத இடத்தில் அட்டைப் பெட்டிகளையும் காகிதத் திரைகளையும் வைத்துப் பக்கங்களை அமைத்துப் பார்த்தார்கள். வெறும் அட்டைப் பெட்டி ஒன்றின் மேல் லேசர் அச்சுப்பொறி என்று எழுதி வைத்ததும் உண்டு. அட்டை என்பதால் எந்தத் தொழிலாளியும் கூச்சமின்றி அதை வெட்டி மாற்ற முடிந்தது. அந்த முறை இன்றும் பல வடிவமைப்பு வகுப்பறைகளில் உயிரோடு இருக்கிறது.

இரவல் பலகைத் திட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அது நன்றாகச் சிந்திக்கப்பட்டது. ஆனால் அப்படிப்பட்ட பலகையைப் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும், மாணவி பட்டம் பெற்றுச் சென்றபின் அந்த ஆள் யார் என்பது எழுதப்படவில்லை. இக்குறை அவருடையது மட்டுமன்று. பருவத் தேர்வுக்குள் முடித்து மதிப்பெண் பெற்றாக வேண்டிய கட்டாயத்தில் கல்விக்கூடங்களே மாணவர்களை வைத்திருக்கின்றன. முதியோர் பலர் தங்கள் வீட்டைத் திறந்து, மருந்துச்சீட்டைக் காட்டி, நேரத்தையும் கொடுத்து உதவுகிறார்கள். தேர்வு முடிந்தபின் அவர்களிடம் திரும்பிச் சென்று முடிவைச் சொல்லும் மாணவர்கள் குறைவு, அதற்கு மதிப்பெண் ஒதுக்கும் துறைகளும் குறைவு. முன்மாதிரி பேழைக்குள் போய்விடுகிறது. அடுத்த ஆண்டு வேறொரு மாணவர் அதே முதியவர்களிடம் அதே கேள்விகளுடன் போய் நிற்கிறார்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். இனி இத்தகைய திட்டங்களைப் பற்றி எழுதும்போது, யாரிடம் பேசினார்கள், எந்த வடிவம் எதனால் கைவிடப்பட்டது, சோதனையில் கருவி தானே இயங்கியதா அல்லது மனிதர் இயக்கினாரா, குறிப்புகளும் வரைபடங்களும் அடுத்தவர் பயன்படுத்தும்படி எங்கே வைக்கப்பட்டுள்ளன ஆகியவற்றைத் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு எழுதச் செய்யுங்கள். இந்தக் கட்டுரையில் வந்த மாணவியிடமே அந்த மூன்று கைவிடப்பட்ட பெட்டிகளைப் பற்றி ஒரு தொடர்கட்டுரை வாங்கி வெளியிட்டால், அதைப் படிக்க என்னைப் போன்ற ஆசிரியர்களும் எங்கள் மாணவர்களும் இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்,
வடிவமைப்புக் கல்வி ஆசிரியர்