மாறியதைச் செயலி சொல்ல வேண்டாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் சூழலறிந்து தானாக மாறிக்கொள்ளும் செயலிகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பல வருடமாகக் கைப்பேசிச் செயலிகள் எழுதிவருபவன் நான். அதில் விட்டுப்போன ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

கைப்பேசிக்கு நம் சூழல் தெரியாது. அசைவையும் வெளிச்சத்தையும் அளக்கும் சென்சார்கள், ஜிபிஎஸ், மைக் எல்லாம் தருவது வெறும் எண்கள். ‘இவர் கூட்டத்தில் இருக்கிறார்’ என்பது அவற்றை வைத்து நாங்கள் செய்யும் ஊகம்.

நாங்கள் எழுதிய ஒரு செயலி, போன் அசையாமல் கிடந்து, சுற்றிலும் பல குரல்கள் கேட்டால் மணியோசையை அடக்கிவிடும். சோதனையில் ஒரு குறையும் தெரியவில்லை. ஒரு நாள் ஓர் அம்மா போனை மேசைமேல் வைத்துவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். டிவியில் நாலு பேர் விவாதம். செயலி அதைக் கூட்டம் என்று முடிவுகட்டிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து மகன் ஆறு முறை கூப்பிட்டும் அவருக்குக் கேட்கவில்லை. பிறகு அவர் எங்களுக்கு எழுதிக் கேட்டது இவ்வளவுதான்: “சத்தத்தை நிறுத்தினதை எனக்கு ஏன் சொல்லல?” அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

இப்போது அந்தச் செயலி சத்தத்தைக் குறைத்ததும் திரையில் காரணத்தைக் காட்டுகிறது. பக்கத்திலேயே ‘வேண்டாம்’ பொத்தான். இரண்டு முறை அதை அழுத்தினால் அந்த இடத்தில் மறுபடி அடக்காது. குடும்பத்தார் அழைப்பை எப்போதுமே அடக்காது. மைக்கில் கேட்டது போனைவிட்டு வெளியே போகாது.

கணினி கண்ணில் படாமல் வாழ்க்கையோடு கலந்துவிட வேண்டும் என்று கணினி அறிவியலாளர் மார்க் வைசர் 1991இல் எழுதினார். அருமையான கனவு, அதை நம்பித்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். ஆனால் கருவி கண்ணில் படாமல் இருக்கலாம், அது எடுக்கும் முடிவு அப்படி இருக்கக் கூடாது. அதே காலத்தில் ஆய்வாளர் ராய் வான்ட் குழுவினர் கேம்பிரிட்ஜில் செய்த, உடையில் அணியும் பேட்ஜ், 15 விநாடிக்கு ஒருமுறை அகச்சிவப்புக் குறி அனுப்பி, அணிந்தவர் எந்த அறையில் இருக்கிறார் என்று காட்டும். அழைப்பை அந்த அறைக்கே திருப்பிவிடலாம். கழற்றி இழுப்பறையில் போட்டால் ஆள் இருக்குமிடம் தெரியாது. அப்படி எளிதாக நிறுத்திவைக்கும் வசதி இன்றைய செயலிகளில் பத்துத் திரைக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது.

செயலிகளுக்கு விமர்சனம் வெளியிடும்போது, ‘தானாக மாறினால் காரணம் சொல்கிறதா, ஒரே தொடுதலில் பழையபடி ஆக்க முடிகிறதா’ என்பதையும் பார்த்து எழுதும்படி உங்கள் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலி உருவாக்கும் வாசகன்