சென்னை வீட்டுக்கு முதல் ஹியூமிடார்

ஸ்கார்பரோ, டொராண்டோ

அன்புள்ள சேது,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் கைப்பிடியைப் பிடிக்காமல் மாடி ஏறுகிறாய் என்று படித்ததும் பெரிய நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் நடுவில் விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவளுக்கு மாண்ட்ரியாலில் வேலை கிடைத்திருக்கிறது. அவள் கிளம்பிய பிறகு வீடு ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது. சின்னவன் கல்லூரிக்கு இங்கிருந்தே போய்வருகிறான். பனி இன்னும் விட்டபாடில்லை.

சரி, நீ கடைசியில் கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். பையன் துபாயிலிருந்து வரும்போது ஒரு பெட்டி கியூபா சிகார் வாங்கி வந்திருக்கிறான், அதைப் பத்திரமாக வைக்க ஒரு மர ஹியூமிடார், அதாவது சிகாரின் ஈரப்பதத்தைக் காக்கிற பெட்டி, பார்த்து வைத்திருக்கிறாய், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு வாங்காதே. அந்தப் பெட்டி அழகாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அடையாறில், கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிற உன் வீட்டுக்கு முதலில் வாங்க வேண்டிய பெட்டி அது இல்லை.

ஹியூமிடார் பற்றி நீ படிக்கிற யோசனைகளில் பெரும்பாலானவை என்னைப் போலக் குளிர்நாட்டில் இருப்பவர்களுக்கு எழுதியவை. இங்கே ஜனவரியில் ஹீட்டர் ராப்பகலாக ஓடும். வீட்டுக்குள் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். உதடு வெடிக்கும், மர நாற்காலி முனகும். ஒரு சிகாரை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனால் சில நாளிலேயே மேல் இலை சருகாகி விரிசல் விடும். அதனால் இங்கே ஹியூமிடாரின் வேலை சிகாருக்கு ஈரம் ஊட்டுவது. உன் ஊரில் வேலை தலைகீழ். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை, ஐப்பசி கார்த்திகையில் 80 சதவீதத்தைத் தாண்டிவிடும். அங்கே பெட்டி செய்ய வேண்டியது வெளியே இருக்கிற ஈரத்தை உள்ளே விடாமல் தடுப்பது. அதைவிட முக்கியம், சூட்டை ஏறவிடாமல் பார்ப்பது.

சிகாருக்கு என்ன வேண்டும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. ஈரப்பதம் 65லிருந்து 70 சதவீதம், வெப்பம் 18லிருந்து 21 டிகிரி. கியூபா சிகாரை 65ஐ ஒட்டி வைப்பவர்கள் நிறைய, நானும் அப்படித்தான். புகையிலை இலை நொதித்து, மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் ஆறப்போட்டுப் பதப்படுத்தியது. வாசனையெல்லாம் அதன் எண்ணெயில் இருக்கிறது. காய்ந்துபோனால் அந்த எண்ணெயும் கூடவே போய்விடும், சூடாக எரியும், கசக்கும். ஈரம் கூடினால் ஊதி வெடிக்கும், பற்றவைத்தாலும் பாதியில் அணையும், பூஞ்சை பிடிக்கும். இந்த எண்களை அச்சாகப் பிடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. இன்றைக்கு 62, நாளைக்கு 75 என்று ஆடாமல் ஓர் இடத்தில் நின்றால் போதும். சிகாரைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த ஆட்டம்தான்.

மரப்பெட்டியை ஏன் வேண்டாம் என்கிறேன்? மரம் மூச்சு விடும். நல்ல ஹியூமிடாரின் உட்புறம் ஸ்பானிஷ் சிடார் பலகையால் ஆனது. பெயரில் சிடார் இருந்தாலும் அது தேவதாரு இனமே இல்லை. நம் வேம்பும் மகோகனியும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த அமெரிக்க மரம். ஈரத்தை வாங்கிவைத்துக்கொண்டு மெதுவாகத் திருப்பிக் கொடுக்கும், வாசனையும் இதமாக இருக்கும். வறண்ட வீட்டில் இந்தக் குணம் வரம். சென்னையில் அதே பலகை, மூடியின் இடுக்கு வழியாக வருகிற மழைக்கால ஈரத்தையும் குடித்துக்கொண்டே இருக்கும். விலை குறைந்த பெட்டிகளில், அதுவும் மேலே கண்ணாடி வைத்தவற்றில், இடுக்கு இல்லாதது அபூர்வம். இன்னொன்று, புது மரப்பெட்டியை வாங்கிய அன்றே சிகார் வைக்க முடியாது. காய்ந்த பலகை சிகாரிலிருந்தே ஈரத்தை உறிஞ்சிவிடும். முதலில் அதைப் பதப்படுத்த வேண்டும், அதற்கு இரண்டு வாரம் ஆகும். உன் சிகார்கள் இப்போதே வெளியே கிடக்கின்றன.

அதனால் நீ செய்ய வேண்டியது இதுதான். பாத்திரக் கடையில் நான்கு பக்கமும் கொக்கி போட்டு மூடுகிற, மூடியின் உட்புறம் ரப்பர் பட்டை வைத்த பிளாஸ்டிக் டப்பா இருக்குமே, அதில் பெரிதாக ஒன்று வாங்கு. பையன் கொண்டுவந்த சிகார் பெட்டி அப்படியே முழுசாக உள்ளே போக வேண்டும். டப்பா புதிதாக இருக்கட்டும். சமையலறையில் சாம்பார்ப் பொடி போட்டு வைத்ததை எவ்வளவு கழுவினாலும் உதவாது, சிகார் பக்கத்தில் இருக்கிற எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். வாங்கியதைக் கழுவி, இரண்டு நாள் திறந்துவைத்து பிளாஸ்டிக் நெடி போன பிறகு பயன்படுத்து. சிகார் வந்த பெட்டியே பெரும்பாலும் சிடார் மரமாகத்தான் இருக்கும், அதனால் மரத்தின் நன்மையும் உனக்குக் கிடைத்துவிடுகிறது.

அதற்குள் போவேடா என்று ஒரு பாக்கெட் வைக்க வேண்டும். 65 சதவீதம் என்று அச்சிட்ட 60 கிராம் பாக்கெட், 25 சிகாருக்கு ஒன்று போதும், நான் எப்போதும் இரண்டு வைப்பேன். உள்ளே இருப்பது உப்புக் கரைசல். தண்ணீரில் உப்பு கரையாமல் மிச்சம் நிற்கும் அளவுக்குப் போட்டால், அந்தக் கரைசல் தன்னைச் சுற்றி இருக்கிற காற்றைக் குறிப்பிட்ட ஒரே ஈரப்பதத்தில் நிறுத்தும். காற்று வறண்டால் ஈரம் கொடுக்கும், ஈரம் கூடினால் வாங்கிக்கொள்ளும். உன் ஊருக்கு இந்த வாங்கிக்கொள்கிற குணம்தான் வேண்டும். பழைய ஹியூமிடார்களோடு வரும் பஞ்சுக்கு ஈரம் கொடுக்கத்தான் தெரியும். இங்கே என் பாக்கெட்டுகள் சில மாதத்தில் காய்ந்து கட்டியாகிவிடும். அங்கே அவை தண்ணீராகி உப்புவதைப் பார்ப்பாய். அப்படி ஆனால் மூடி சரியாக மூடவில்லை, அல்லது அடிக்கடி திறக்கிறாய் என்று அர்த்தம்.

கூடவே ஈரப்பதம் காட்டுகிற ஒரு சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் வாங்கு. பித்தளை வளையம் போட்ட முள் மீட்டர் பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் அது காட்டுவதை நம்ப முடியாது. டிஜிட்டலையும் ஒருமுறை சோதித்துவிடு. பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஜிப் கவரில் போட்டு ஒரு நாள் மூடி வை. 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் எப்போதும் 4 கூட்டிப் படித்துக்கொள். இதற்குக் காசே ஆகாது, சாயங்காலம் பேத்தியோடு சேர்ந்து செய்து பார்க்கலாம், அவளுக்குப் பிடிக்கும்.

இப்போது சூடு. சேது, இதை நீ லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புகையிலை வண்டு என்று ஒன்று இருக்கிறது. பழுப்பு நிறம், இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். மஞ்சள், மல்லி, மிளகாய் மூட்டைகளைத் துளைக்கிற அதே வண்டு, அதனால் உன் வீட்டு அம்மாவுக்கு அதை நன்றாகத் தெரிந்திருக்கும். முட்டை இலையிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடலாம். குளிர்ச்சியில் அது அப்படியே கிடக்கும், 24, 25 டிகிரிக்கு மேல் போனால் பொரிக்கும். புழு உள்ளிருந்தே தின்றுகொண்டு வெளியே வரும். சிகாரில் குண்டூசி அளவு ஓட்டையைப் பார்க்கும்போது பெட்டியில் பாதி போயிருக்கும். சிடார் வாசனைக்கு வண்டு வராது என்பார்கள். அதை நம்பி 25 சிகாரை ஒப்படைக்க எனக்கு மனசு வராது. கியூபாவிலேயே ஏற்றுமதிக்கு முன்னால் சிகாரை உறைய வைக்கிறார்கள். ஆனாலும் உன் பெட்டி எத்தனை கிடங்கு, எத்தனை வெயில் பார்த்து வந்ததோ. வீட்டில் இன்னொரு முறை செய்துவிடு. பெட்டியை இரண்டு ஜிப் கவருக்குள் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஒரு நாள் ஃப்ரிட்ஜில், மூன்று நாலு நாள் ஃப்ரீசரில், மறுபடி ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வை. அப்புறம் வெளியே எடுத்துக் கவரைப் பிரிக்காமல் அரை நாள் விடு. இந்த வரிசையை மாற்றாதே, சட்டென்று உறைந்தாலோ உருகினாலோ மேல் இலை வெடிக்கும். ஆனால் ஃப்ரிட்ஜிலேயே நிரந்தரமாக வைக்கலாமே என்று யோசிக்காதே. அது ரொம்பக் குளிர்ச்சி, வறட்சி, போதாததற்கு மீன் குழம்பு வாசனை வேறு.

டப்பாவை எங்கே வைப்பது? இரவில் ஏசி ஓடுகிற படுக்கையறை, அதில் வெயில் படாத சுவர் பக்கம் இருக்கிற அலமாரியின் கீழ்த்தட்டு. பரணில் வேண்டாம், கூரையின் சூடு அங்கேதான் தங்கும். துணிகளுக்கு நடுவே வைத்தால் பகலில் ஏசி நின்ற பிறகும் சூடு மெதுவாகத்தான் ஏறும். ஆனால் அந்த அலமாரியில் பாச்சை உருண்டை இருக்கக் கூடாது. பட்டுப்புடவை பீரோவில் வைத்தால் ஒவ்வொரு சிகாரிலும் நாப்தலின் மணக்கும். சாம்பிராணி போடுகிற பூஜை அறைப் பக்கமும் வேண்டாம்.

மே மாதத்தில் பகல் முழுக்க அறை 34, 35 டிகிரியில் கிடக்குமே என்று கேட்பாய். நியாயம்தான். ஒரு பெட்டி என்றால் உறைய வைத்தது உன்னைக் காப்பாற்றும். பின்னாடி இரண்டு மூன்று பெட்டி சேர்ந்தால் சின்ன ஒயின் ஃப்ரிட்ஜ் ஒன்று வாங்கி 18 டிகிரியில் வைப்பதுதான் வழி. அதில் இரண்டு வகை உண்டு. கம்ப்ரஸர் இல்லாத வகை அதிகம் சத்தம் போடாது, இங்கே எல்லோரும் அதைத்தான் வாங்குவார்கள். ஆனால் அது வெளி வெப்பத்திலிருந்து சுமார் 10, 12 டிகிரிதான் குறைக்கும். சென்னைக் கோடையில் அது திணறிப்போகும். கம்ப்ரஸர் வகை வாங்கு. அது ஓடும்போதெல்லாம் உள்ளே காற்றை வறட்டும், அதனால் சிகார் அப்போதும் இதே மூடிய டப்பாவுக்குள் இருக்கட்டும், டப்பா ஃப்ரிட்ஜுக்குள் இருக்கட்டும்.

உன் மரப்பெட்டி ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. எனக்கும் ஒன்று இருக்கிறது, மூடியைத் திறக்கும்போது வருகிற அந்த முதல் வாசனைக்காகவே வைத்திருக்கிறேன். அமெரிக்க ஜனாதிபதியாகக் கென்னடி பதவியேற்றபோது நகைச்சுவை நடிகர் மில்டன் பெர்ல் அவருக்கு ஒரு ஹியூமிடார் பரிசு கொடுத்தார், 1961 ஜனவரி 20 என்று தேதி பொறித்தது. 1996இல் சதபீஸ் என்ற ஏல நிறுவனம் அதை ஏலம் விட்டபோது 5,74,500 டாலருக்குப் போனது. அந்தக் கென்னடிதான் 1962இல் கியூபாமீது வர்த்தகத் தடை உத்தரவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிஞ்சரை அனுப்பி, ஊர் முழுக்கத் தேடி 1,200 பெட்டி உப்மான் சிகார் வாங்கிவரச் செய்தார். ஆயிரத்து இருநூறு பெட்டி என்று படித்துவிடாதே, பெட்டி உப்மான் என்பது சிகாரின் பெயர், எண்ணிக்கை சிகாருக்கு. சாலிஞ்சரே பிற்பாடு இதை எழுதியிருக்கிறார்.

ஒரு வருஷம் டப்பாவில் வைத்துப் பார்த்த பிறகு, உனக்கு இந்தப் பழக்கம் தங்கும் என்று தெரிந்தால், நல்ல மரப்பெட்டியாக வாங்கு. 50 சிகார் பிடிக்கும் என்று போட்டிருந்தால் தடிமனான சிகார் 30, 35 தான் அடங்கும் என்று வைத்துக்கொள். கடையில் மூடியைக் கொஞ்சம் தூக்கிக் கையை எடுத்துவிட்டுப் பார், தொம்மென்று விழாமல் உள்ளே காற்று தடுக்க மெல்ல இறங்க வேண்டும். ஒரு ரூபாய் நோட்டை இடுக்கில் வைத்து மூடி நாலு பக்கமும் இழுத்துப் பார், எங்கேயும் சுலபமாக வரக் கூடாது. வார்னிஷ் நெடி அடித்தால் அந்தப் பெட்டியை விட்டுவிடு. வாங்கியதும் ஈரத் துணியால் உள்ளே துடைக்கச் சொல்வார்கள். செய்யாதே, பலகை வளையும். 84 சதவீத போவேடா பாக்கெட்டை இரண்டு வாரம் உள்ளே வைத்து மூடினால் போதும்.

உறையூரில் உன் தாத்தா தகர டப்பாவில் சுருட்டு வைத்திருந்தாரே, அவருக்கு எந்த ஹியூமிடார் இருந்தது என்று எழுதியிருந்தாய். நல்ல கேள்வி. நம் திருச்சிச் சுருட்டு உலர்ந்த நிலையிலேயே பிடிப்பதற்காகச் சுற்றியது. அது அப்படித்தான் லண்டன் வரைக்கும் கப்பலில் போனது, ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் தொழிற்சாலை வைத்துச் செய்து விற்றது. கியூபா சிகார் ஈரத்தோடே வளர்ந்து ஈரத்தோடே சுற்றப்படுவது. தாத்தா டப்பாவில் அது ஒரு கோடை தாங்காது.

மாதம் ஒன்றுக்கு மேல் இல்லை என்று டாக்டரிடம் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அதை அப்படியே காப்பாற்று, புகையை உள்ளே இழுக்காதே, பேத்தி இருக்கும்போது மொட்டைமாடிக்குப் போய்விடு. மாதம் ஒன்று என்றால் 25 சிகார் இரண்டு வருஷம் வரும். அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதினேன்.

சித்திரையில் என் தம்பி திருச்சி வருகிறான். போவேடா பாக்கெட்டும் மீட்டரும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன், நீ அங்கே தேடி அலைய வேண்டாம். அதற்குள் சிகார் பெட்டியை ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசர் வேலையை முடித்துவிடு. பெட்டியின் நீள அகலத்தையும், படுக்கையறையில் மத்தியானம் எத்தனை டிகிரி என்பதையும் எழுது. வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

உன்
ரங்கன்