பிளேக் அல்ல, ஆடு

அன்புள்ள சேகர்,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா?

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் மால்ட்டன் பக்கம் வாரம் பெர்சி என்று ஆளில்லாத ஊர் ஒன்று இருக்கிறது. போய்வந்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை, அவள் காதைப் பொத்திக்கொள்கிறாள். காரை மேலே நிறுத்திவிட்டுச் சரிவில் இறங்கி நடக்க வேண்டும். கூரை போன தேவாலயம், ஒரு குளம், மற்றதெல்லாம் புல். 'இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?' என்பாய். வெயில் சாயட்டும், பொறு. புல்லுக்கடியில் புதைந்த வீட்டுச் சுவர்கள் மேடுமேடாக எழும்பும், மனைக்கு மனை எல்லை தெரியும், தெரு பள்ளமாக ஓடும். எந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்றுகூடக் கணக்குப் போட்டேன்.

1950 முதல் 1990 வரை மாரிஸ் பெரஸ்ஃபோர்ட் என்ற வரலாற்றாசிரியரும் ஜான் ஹர்ஸ்ட் என்ற தொல்லியலாளரும் கோடைதோறும் இங்கே தோண்டினார்கள். ராஜாவும் இல்லை, புதையலும் இல்லை. சம்சாரி வீட்டு அடுப்படிக்காக நாற்பது வருஷம்! நம் மணி சாரிடம் சொன்னால் பைத்தியம் என்பார்.

ஊர் ஏன் காலியானது என்று கேட்டால், நீ உடனே 'பிளேக்தானே?' என்பாய். 1349இல் கொள்ளைநோய் வந்தது, ஆட்களும் செத்தார்கள். ஆனால் ஊர் அதோடு சாகவில்லை. அதற்கப்புறமும் நூறு வருஷத்துக்கு மேல் ஏர் ஓடியிருக்கிறது. முடித்தது கம்பளி, சேகர். உழவைவிட ஆட்டில் லாபம். ஆட்டுக்கு ஓர் இடையன் போதும். 1517இல் நடந்த அரசு விசாரணையில் பதிவாகியிருக்கிறது: நான்கு ஏர் நின்றது, நான்கு வீடு பாழானது, காரணம் நிலப்பிரபு. நோய் என்றால் விதி என்று அழுது முடிக்கலாம். இங்கே ஒருத்தன் உட்கார்ந்து லாபக் கணக்குப் பார்த்திருக்கிறான். அதுதான் எனக்கு ஆறவில்லை.

இன்னொன்று. அங்கே கிடைத்த எலும்புகள் சிலவற்றில் வெட்டும் தீக்காயமும் இருக்கின்றன, எல்லாம் செத்தபின் செய்தது. செத்தவர்கள் எழுந்து வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் செய்திருக்கலாம் என்று 2017இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பாலுவிடம் சொல்லிவிடாதே, ராத்திரி விளக்கை அணைக்க மாட்டான்.

ஆகஸ்டில் வருகிறாயா இல்லையா? டிக்கெட் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. நடக்க நல்ல ஷூ கொண்டு வா, அந்தச் சரிவில் உன் செருப்பு தாங்காது.

அன்புடன்,
ரகு