புளூமிங்டனிலிருந்து அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். மைனியும் பிள்ளைகளும் சுகம்தானே? பிசான நடவு முடிந்திருக்கும். "அமெரிக்காவுக்குப் போயி எலியால பிடிக்கே?" என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம், அதேதான். சம்பளமும் தருகிறார்கள்.

இங்கே இண்டியானாவின் புல்வெளிகளில் இருப்பது வோல் என்கிற எலி இனம். குட்டை வால், மயிருக்குள் மறைந்த காது. நம் வயல் எலிக்கு முன்னால் பொடிசு. நன்றாக வளர்ந்ததே 40, 50 கிராம்தான். விடிந்ததும் அலுமினியப் பொறிகளைத் திறந்து, ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் பையில் போட்டு, வில் தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்போம். காதில் நம்பர் தகடு. சினை என்றால் தனியாகக் குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் எடைக் கணக்கு கெட்டுப்போகும். பைக்கு வெளியிலிருந்தே விரலைப் பதம் பார்த்துவிடும். குளிரில் விரல் மரத்திருப்பதால் வலி மெதுவாகத்தான் வந்து சேர்கிறது.

எது பிறந்த இடத்திலேயே தங்கும், எது கிளம்பும் என்று பார்க்கத்தான் இத்தனையும். பெரும்பாலும் ஆண்தான் கிளம்புகிறது; பெண் தாய் இருந்த பக்கமே குடித்தனம் வைத்துக்கொள்ளும். நம் ஊர் வழக்கத்துக்கு நேர் தலைகீழ்! கலிபோர்னியா மலையில் ஒரு தரை அணில் உண்டு. கே ஹோல்கேம்ப் என்ற ஆய்வாளரின் குழுவினர் பார்த்ததில், நன்றாகத் தின்று கொழுப்பு ஏறிய ஆண்குட்டிதான் சீக்கிரம் கிளம்பியது. வழியில் தாக்குப்பிடிக்கக் கையிருப்பு வேண்டுமே. வோலுக்கு இத்தனை கிராம் வந்தால் கிளம்பும் என்று ஒரே கணக்கு சொல்ல முடியாது. அந்த இடத்தில் கூட்டம் பெருகுகிறதா, சரிகிறதா என்பதும் சேர்ந்து தீர்மானிக்கிறது. பெருகும் வருஷங்களில் நிறைய கிளம்பும், சரியும்போது குறையும். கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது பெரிய எலிகளே 20, 30 சதவீதம் கூடுதல் எடை நிற்கும்.

1960களில் இதே வட்டாரத்தில் சார்லஸ் கிரெப்ஸ் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் புல்வெளியை வேலிபோட்டு அடைத்து, எதையும் வெளியே போகவிடாமல் பார்த்தார்கள். உள்ளே எண்ணிக்கை எகிறி, புல்லை மொட்டையடித்துவிட்டன. அப்புறம் ஜூடித் மையர்ஸும் கிரெப்ஸும் வேறு நிலத்தில் இருந்ததையெல்லாம் பிடித்துப் பிடித்துக் காலியாக்கினார்கள்; அக்கம்பக்கத்திலிருந்து புதுசு வந்துகொண்டே இருந்தது.

இதைக் கேட்டதும் நம் கன்னடியன் கால்வாய் வயல் ஞாபகம்தான் வந்தது. நீங்கள் மட்டும் கிட்டி வைத்தால் அடுத்த வயல் எலி வந்து அதே வரப்பில் வளை தோண்டும். இந்தத் தடவை பயிர் பொதி கட்டுமுன்பே, பக்கத்து வயல்காரர்களையும் கூட்டி ஒரே சமயத்தில் வையுங்கள். விழுவது ஆணா பெண்ணா, எடை எவ்வளவு என்று எனக்கும் எழுதுங்கள். மைனியின் அடுக்களைத் தராசை மட்டும் தொட வேண்டாம்.

இப்படிக்கு,
தம்பி