ஸ்டுடியோவுக்கு இப்போதே முன்பணம் கட்டாதே

அன்பு மகளுக்கு,

நீயும் கிட்டார் வாசிக்கும் உன் நண்பனும் உங்கள் பாடல்களைப் பதிவு செய்யக் கேட்ட பணத்தைத் தருகிறேன். உன் அப்பாவிடமும் பேசியாகிவிட்டது. முதலில் முகம் சுளித்தார், பிறகு சரி என்றார். ஆனால் சிகாகோவில் நீ பார்த்துவைத்திருக்கும் அந்த ஸ்டுடியோவுக்கு இந்த வாரமே முன்பணம் கட்டிவிடாதே. நீ பிறந்து வளர்ந்த, ஓஹையோவின் இதே ஆக்ரனில் இரண்டு பையன்கள் தங்கள் முதல் ஆல்பத்தை ஒரு வீட்டின் தரைக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து முடித்தார்கள். "பிளாக் கீஸ் குழுவை எனக்குத் தெரியாதா அம்மா?" என்று சிரிப்பாய். தெரியும். ஆனால் நீ காரில் போட்டுக் கேட்டதெல்லாம் அவர்கள் கிராமி விருது வாங்கிய காலத்துப் பாடல்கள். நான் சொல்வது 2002இல் வந்த 'தி பிக் கம் அப்'. அதை ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு, முதலிலிருந்து கடைசிவரை கேள். பதின்மூன்று பாடல்கள்தான்.

கதை இதுதான். கிட்டார் வாசித்துப் பாடும் டான் ஆவர்பாக் ஒரு டெமோ, அதாவது மாதிரிப் பதிவு, செய்ய நினைத்தார். அவர் நண்பர் பாட்ரிக் கார்னியிடம் பதிவுக் கருவியும் இருந்தது, பேஸ்மென்ட்டும் இருந்தது. "மற்ற வாத்தியக்காரர்களை நீ அழைத்து வா, பதிவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பது ஏற்பாடு. குறித்த நாளில் மற்றவர்கள் யாரும் வரவில்லை. கார்னியே டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்துவிட்டார். அப்படித்தான் அது இரண்டு பேர் குழு ஆனது. திட்டம் போட்டு ஆனதில்லை. அந்த டெமோவைப் பல நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். மேடையில் ஒருமுறைகூடப் பார்க்காமல் ஒப்பந்தம் போட முன்வந்தது கலிஃபோர்னியாவின் அலைவ் என்ற சிறிய நிறுவனம் ஒன்றுதான். 2002 மார்ச்சில் கிளீவ்லாந்தின் பீச்லாந்தில் அவர்கள் முதன்முதலாக மேடையேறியபோது கேட்க வந்தவர்கள் ஏறக்குறைய எட்டுப் பேர். மே 14ஆம் தேதி, ஆவர்பாக்குக்கு 23 வயது நிறைந்த அன்று, ஆல்பம் வெளிவந்தது.

ஆவர்பாக் ஆக்ரன் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டவர். அதையும் பின்பற்று என்று நான் சொல்லவில்லை. நீ பட்டம் வாங்கும்வரை காத்திருந்துதானே இதையெல்லாம் எழுதுகிறேன்!

பேஸ்மென்ட் என்றதும் ஏதோ விளையாட்டாகச் செய்தது என்று நினைக்காதே. கருவிதான் எளியது, காது எளியதில்லை. ஆவர்பாக்கின் தந்தை பழைய ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) இசைத்தட்டுகளை வீட்டில் ஒலிக்கவிட்டவர். மகன் பிறகு ஜூனியர் கிம்ப்ரோ என்ற ப்ளூஸ் கலைஞரின் இசையில் போய் மாட்டிக்கொண்டார். கிம்ப்ரோ மிசிசிப்பியின் வடக்கு மலைப்பகுதிக்காரர். சுலஹோமாவில் சொந்தமாக ஒரு ஜூக் ஜாயின்ட் நடத்தியவர்; ஞாயிறு மாலையில் ஜனங்கள் குடித்து ஆடும் கொட்டகை அது. அவருடைய 'ஆல் நைட் லாங்' அங்கேயே பதிவு செய்யப்பட்டு 1992இல் வந்தது. அப்போது அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. 1998இல் இறந்துபோனார். அவருடைய இசையில் வழக்கமான ப்ளூஸில் பன்னிரண்டு தாள வட்டத்துக்கு ஒருமுறை திரும்பி வரும் 'பன்னிரண்டு பார்' கணக்கு இல்லை. ஒரே ஸ்வரக் கொத்தில் உட்கார்ந்துகொண்டு, அதையே சுற்றிச் சுற்றி வருவார். நான் முதலில் கேட்டபோது எனக்குத் தம்புரா நினைவுதான் வந்தது. அடியில் ஆதாரம் நகராமல் நிற்கிறது. மேலே பாட்டு தன் போக்கில் அலைகிறது. 'தி பிக் கம் அப்'பில் கிம்ப்ரோவின் 'டு த ரம்ப்' இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு அசல் கிம்ப்ரோவையும் கேட்டால், பையன்கள் எதை எடுத்துக்கொண்டார்கள், எதை எடுக்க முடியவில்லை என்பது உனக்கே தெரியும். அந்தத் தள்ளாடும் நடை அவர்களுக்கு வரவில்லை. கார்னி அடித்து நொறுக்குகிறார். ஆனால் அந்த முரட்டுத்தனம்தான் பிறகு அவர்களுடைய குரலாகிவிட்டது.

டிரம்ஸ் வாசிப்பவளாகிய நீ அங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குழுவில் பேஸ் கிட்டாருக்கென்று ஆள் இல்லை. அப்படியானால் கீழ்ப்பகுதியை நிரப்புவது யார்? பாதியைக் கிட்டாரின் தடித்த கம்பிகள் நிரப்புகின்றன, மீதியை அந்தக் கரகரப்பு நிரப்புகிறது. ஒலியை ஃபஸ் பெடல் என்ற, காலால் மிதித்து இயக்கும் கரகரப்புக் கருவி வழியாக அனுப்பும்போது அலையின் முகடுகள் நறுக்கப்படுகின்றன. அங்கே மூல ஒலியில் இல்லாத மேல் ஸ்வரங்கள் பல முளைக்கின்றன. ஒரு கம்பி மூன்று கம்பிபோலக் கேட்கிறது. நீங்கள் இருவரும் அனுப்பிய பதிவில் இடம் காலியாகத் தெரிகிறது என்று வருத்தப்பட்டாயே, அது ஸ்டுடியோ இல்லாததால் வந்த குறை அன்று. உன் நண்பன் கிட்டாரின் மெல்லிய கம்பிகளிலேயே வாசிக்கிறான்; நீ சிம்பலை விடாமல் தட்டி அந்த இடத்தையும் அடைத்துவிடுகிறாய். எவ்வளவு பணம் கட்டினாலும் எந்த இன்ஜினியரும் அதைத் திருத்தித் தர மாட்டார்.

டேப் பற்றி நான் கொஞ்சம் பேசியே ஆக வேண்டும். டயர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பாலிமரோடு காலம் தள்ளியவள் நான், பொறுத்துக்கொள். காந்த டேப் என்பது பாலியெஸ்டர் பட்டையின்மேல் இரும்பு ஆக்சைடுத் துகள்களைப் பாலியூரித்தேன் பசையில் குழைத்துப் பூசியது. அந்தத் துகள்களுக்கு ஏற்கும் அளவு ஒன்று உண்டு. அதற்குமேல் ஒலியைத் திணித்தால் டிஜிட்டல் பதிவைப்போல வெடுக்கென்று உடைவதில்லை, முகடுகள் மெல்ல மழுங்குகின்றன. 'தி பிக் கம் அப்' ஓர் எட்டு டிராக் டேப் கருவியில், அதாவது எட்டுத் தடங்களைத் தனித்தனியாகப் பதியும் கருவியில், பதிவானது. சத்தமான இடங்களில் காதைக் குத்தாமல் ஒருவித வெப்பம் ஏறுகிறதே, அதில் பெரும் பங்கு இந்த மழுங்கலுக்கு உண்டு. உன் நண்பன் பழைய டேப் கருவி தேடுகிறான் என்றாய். தேடட்டும். ஆனால் பழைய டேப் சுருளை மட்டும் வாங்கிவிட வேண்டாம் என்று சொல். 1970களின் நடுவிலிருந்து வந்த பல சுருள்களில் அந்தப் பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிதைந்து, பிசுபிசுத்து, கருவியின் தலையில் ஒட்டிக்கொண்டு கீச்சிடும். காப்பகங்களில் அவற்றை ஐம்பது டிகிரி செல்சியஸ் அளவில் மணிக்கணக்காகச் சூடாக்கி, ஈரம் மறுபடி ஏறுவதற்குள் பிரதி எடுத்துக்கொள்கிறார்கள். டேப் இன்றும் புதிதாகத் தயாராகிறது, அதை வாங்குங்கள்.

இன்னொன்று. இரண்டாவது ஆல்பத்துக்கு அவர்கள் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தயாரிப்பாளரோடு பதிவு செய்து பார்த்தார்கள். பிடிக்கவில்லை, பெரும்பகுதியைத் தள்ளிவிட்டார்கள். திரும்பி வந்து, அதே கார்னியின் பேஸ்மென்ட்டில், 1980களின் டாஸ்காம் 388 கருவியில், பெரும்பாலும் ஒரே அமர்வாகப் 14 மணி நேரத்தில் 'திக்ஃப்ரீக்னெஸ்' ஆல்பத்தை முடித்தார்கள். டாஸ்காம் 388 கால் அங்குல டேப்பில் எட்டுத் தடங்களை நெருக்கிப் பதியும் கருவி. தடம் ஒடுங்க ஒடுங்க இரைச்சல் கூடும், அது விதி. அந்த இரைச்சலையும் சேர்த்துத்தான் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. நல்ல அறையில் நல்ல கருவியில் தங்களைத் தாங்களே அடையாளம் காண முடியாமல் போனவர்கள் அவர்கள். நீயும் உன் நண்பனும் உங்கள் ஒலி எது என்று கண்டுகொண்ட பிறகு ஸ்டுடியோவுக்குப் போனால், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்றாவது தெரியும். இப்போது போனால் அங்கிருப்பவர் தருவதை வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

அந்த முதல் ஆல்பம் குறையே இல்லாதது என்று நான் சொல்லவில்லை. ஓஹையோவின் இருபத்திரண்டு வயதுப் பையன் மிசிசிப்பிக் கிழவரின் தொண்டையில் பாடுகிறார். சில இடங்களில் அது எனக்கு ஒட்டவில்லை. பிற்பகுதியில் வேகமும் தளர்கிறது. ஆனால் 'ஐ வில் பி யுவர் மேன்' வரும்போது இந்தப் புகார்களெல்லாம் எனக்கு மறந்துவிடுகின்றன. அது அவர்களுடைய சொந்தப் பாட்டு, இரவல் தொண்டை அதிகம் இல்லாத பாட்டு.

இதைப் படித்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடிவிடாதே. கணினியில் சுத்தமாகப் பதிவு செய்துவிட்டு, பிறகு மென்பொருளால் தூசியும் இரைச்சலும் தூவுகிறார்களே, அது எனக்கு அறவே பிடிக்கவில்லை. அவர்களிடம் இருந்த அழுக்கு, வேறு வழியில்லாமல் வந்து, பிறகு விரும்பி வைத்துக்கொண்டது. உங்களிடம் இருப்பது லேப்டாப் என்றால் லேப்டாப்பில் நேர்மையாகப் பதியுங்கள்.

குழுவுக்குப் பெயர் கிடைக்கவில்லை என்றாய். அவர்களுடைய பெயர் ஆல்ஃபிரட் மெக்மூர் என்ற ஆக்ரன் ஓவியரிடமிருந்து வந்தது. மனநோயோடு வாழ்ந்தவர், நீண்ட தாள் சுருள்களில் வரைந்தவர், இருவரின் தந்தையர்க்கும் பழக்கமானவர். தொலைபேசியில் செய்தி விடும்போது, தமக்குப் பிடிக்காதவர்களைப் பியானோவின் கறுப்புக் கட்டை என்று திட்டுவாராம். உங்கள் ஊரில் யார் என்ன சொல்லித் திட்டுகிறார்கள் என்று காதைத் திறந்து வை.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் நான் விடமாட்டேன். யாரிடமிருந்து எடுத்தாயோ அவர் பெயரை அட்டையில் போடு. கிம்ப்ரோ போன்றவர்களின் இசையைக் கேட்டு வளர்ந்த வெள்ளைக்காரப் பையன்கள் அரங்கங்களை நிறைத்தார்கள். அந்தக் கிழவர்களுக்கு அந்த வாழ்வு கிடைக்கவில்லை. இது எனக்கு இன்றும் உறுத்துகிறது. பிளாக் கீஸ் அதை மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2006இல் கிம்ப்ரோவின் பாடல்களை மட்டும் வைத்து 'சுலஹோமா' என்ற சிறு தொகுப்பை வெளியிட்டார்கள். அதன் முடிவில் கிம்ப்ரோவின் மனைவி தொலைபேசியில் விட்ட பாராட்டுச் செய்தி இருக்கிறது. 2021இல் 'டெல்டா கிரீம்' ஆல்பம் செய்தபோது, அதே மலைப்பகுதியின் இன்னொரு ப்ளூஸ் கலைஞரான ஆர். எல். பர்ன்சைடோடு வாசித்த கென்னி பிரவுனையும் கிம்ப்ரோவோடு வாசித்த எரிக் டீட்டனையும் கூட உட்காரவைத்தார்கள். நீ அனுப்பிய மூன்றாவது பாட்டின் தொடக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உன் நண்பனுக்குத் தெரியுமா என்று கேள்.

அக்டோபரில் இருவரும் இங்கே வாருங்கள். அப்போது ஏசியும் ஓடாது, ஹீட்டரும் அதிகம் ஓடாது. பேஸ்மென்ட் அமைதியாக இருக்கும். பலத்த மழை பெய்தால் பேஸ்மென்ட்டில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் உறுமும், அதற்கு நான் பொறுப்பில்லை. பகலில் துணி துவைப்பதில்லை என்று உன் அப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார். உன் பழைய டிரம்ஸ் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. ஸ்நேர் டிரம்மின் தோல் தளர்ந்துவிட்டது, வரும்போது புதிது வாங்கி வா. தேதியை மட்டும் சீக்கிரம் எழுது. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அது எப்போது தூங்குகிறது என்று நான் கேட்டுவைக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா