படகு வாங்கறதுக்கு முன்னாடி ஒரு நோட்டு வாங்குங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கோடை லீவு வந்தா வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை ஜனம் ஏலகிரிக்குக் கெளம்பிடும், புங்கனூர் ஏரியில பெடல் படகு, துடுப்புப் படகுன்னு புள்ளைங்க ஒரே ஆட்டம், நல்லதுதான். எங்க ஊரு ஏரியிலயும் போட்டிங் விடுங்கன்னு கேக்குறவங்களும் இருக்காங்க, கேக்கட்டும். ஆனா எந்த ஏரியில படகு விட்டாலும் கூடவே ஒரு நோட்டு வேணும்.

உசுரு போகாம தப்பிச்சத எழுதி வெக்கிற நோட்டு. செல்ஃபி எடுக்க எழுந்து நின்னவன் தண்ணியில விழுந்தான், லைஃப் ஜாக்கெட் பக்கிள் உடைஞ்சிருந்துது, காத்துல படகு நடு ஏரியில மாட்டிக்கிச்சு... இதெல்லாம் கரைக்கு வந்ததும் "ஏதோ நல்ல நேரம்பா"ன்னு சொல்ட்டு டீ குடிக்கப் போயிடுறோம். மறுநாள் அதே பக்கிள வேற ஒரு புள்ளைக்கு மாட்டி அனுப்புவாங்க.

பெரிய படகு விபத்துங்கள்ல செத்தவங்க கணக்க பாருங்க. 2009 செப்டம்பர்ல தேக்கடி, 45 பேரு. 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு பழவேற்காடு, 22 பேரு. 2023 மே மாசம் கேரளாவுல தானூர், அங்கயும் 22. 2024 ஜனவரியில வதோதரா ஹர்ணி ஏரி, ஸ்கூல் டூர் வந்த 12 பசங்க, 2 டீச்சர். ஆள அளவுக்கு மேல ஏத்துறது, ஜாக்கெட் இல்லாம அனுப்புறது, திரும்பத் திரும்ப இதேதான். புதுசா கண்டுபுடிக்க என்ன இருக்கு?

இன்னொன்னு, முழுகினவங்கள தூக்கினதும் நம்ம பக்கம் இன்னும் வயித்த அமுக்குறாங்க, கால புடிச்சி தலைகீழா சுத்துறாங்க. வயித்துல இருக்கறது மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிடும், நேரமும் வீண். மூச்சு இல்லன்னா மல்லாக்க படுக்க வெச்சி மொதல்ல வாயோட வாய் வெச்சி மூச்சு குடுக்கணும், அப்புறம் நடு நெஞ்சுல 30 அமுக்கு, 2 மூச்சுன்னு 108 வர்ற வரைக்கும் விடாம பண்ணணும். ஆக்சிஜன் இல்லாம மூளை நாலஞ்சு நிமிஷம் தாங்கறதே பெருசு, ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு ஏறி வர்ற ஆம்புலன்ஸுக்கு அது பத்துமா? அதனால டிக்கெட் கிழிக்கிறவர்லேர்ந்து படகு தள்ளுறவர் வரைக்கும் கை பழகியிருக்கணும். சீசன் தொடங்கும்போது ஒரு தடவ பேனர் கட்டி போட்டோ எடுக்குற டெமோ வேணாம், மாசாமாசம் தண்ணியில எறங்கி பண்ணணும். ஆள் விழுந்தா குதிக்காம கயிறு, காலி கேன் தூக்கிப் போடறதும் அதுல சேத்திதான்.

பாலாறு வருஷத்துல பெரும்பாலும் காஞ்சி கெடக்கறதால நம்ம புள்ளைங்க நிறைய பேருக்கு நீச்சலே தெரியாது, 2021 நவம்பர்ல வெள்ளம் வந்தப்ப பாலத்து மேல வேடிக்கை பாத்துக்கினு நின்ன கூட்டத்த நெனச்சா இப்பவும் பயமா இருக்குது.

அந்த நோட்ட டிக்கெட் கவுண்டர்ல எல்லாரும் பாக்குற மாதிரி வெக்கணும், போன வாரம் என்ன ஆச்சு, என்ன சரி பண்ணாங்கன்னு படிச்சிட்டு ஏறலாம். இதுக்குன்னு டிக்கெட்டுல பத்து ரூபா ஏத்துனாலும் எனக்கு ஓகே.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குடியாத்தம்